பின்னந்தலை

மூன்றாவது ரோலரில் அம்மாவின் முடியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, கதவுக்கு வெளியே அண்ணன் டுவெய்னின் குரல் செர்ரி மரச் சவப்பெட்டி இருக்கும் மூலைக்குப் போய்விட்டதை ரோவீனா கேட்டாள். அந்தப் பெட்டியின் விலை ஒன்பதாயிரம் டாலர். அதற்குப் பக்கத்திலேயே சாம்பல் நிறத் தகரப் பெட்டி ஒன்று இருந்தது, இரண்டாயிரத்துச் சொச்சம். இப்போதே ஓடிப்போய் அவன் வாயை அடைக்கலாம்தான். ஆனால் தடவிய திரவம் காய்வதற்குள் முடியைச் சுற்றி முடித்தாக வேண்டும், விட்டால் வைக்கோலாக விறைத்துக்கொள்ளும்.

மேசைமேல் அம்மா ஸ்டெல்லா கண்மூடிப் படுத்திருந்தாள். இரண்டு நாளுக்கு முன், காலைக் காப்பிக்கு முன்னால் போய்விட்டாள். நினைவு இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றுதான். "அந்நியக் கை என் தலைல படக்கூடாது, ரோ. நீதான் செய்யணும்."

"எங்கம்மாவுக்கு நல்லதா இருக்கணும், மிஸ்டர் கிளெமென்ட்," என்றான் டுவெய்ன் வெளியே. "பணத்தப் பத்தி யோசிக்காதீங்க. ஆளுக்குப் பாதி. என் தங்கச்சி டீச்சர். மாசம் பொறந்தா சம்பளம், கோடைல முழுசா லீவு, வயசானா பென்ஷன். எங்கள மாதிரியா?"

கிளெமென்ட் அந்த ஈமச்சடங்கு இல்லத்தின் சொந்தக்காரர். அவளுடைய உண்மையான வரவுசெலவு அவருக்குத் தெரியும் என்பதுதான் ரோவீனாவை இன்னும் பதற வைத்தது.

தொழிற்கல்விப் பள்ளியில் அழகுக்கலை ஆசிரியை என்றால் ஊரில் மதிப்புதான். சலூன் வேலையை அவள் விட்ட அன்று ஸ்டெல்லா தேவாலயத்தில் ஒருவரையும் விடாமல் பிடித்துச் சொன்னாள்: இனி என் மகள் டிப்ஸுக்குக் கை நீட்ட வேண்டாம். வியாழக்கிழமைகளில் பள்ளிக்கே வந்து, மாணவிகளிடம் சலுகை விலையில் சுருள் வைத்துக்கொண்டு, அவர்களிடமும் அதையே சொல்வாள். அந்தச் சம்பளத்தில் பாதியை வீட்டுக்கடன் விழுங்கியது. மருத்துவக் காப்பீடு, கார், பள்ளி வாங்கித் தராத கத்தரிக்கோல்கள் போக மிஞ்சியது, அம்மாவைப் பகலில் பார்த்துக்கொண்ட பெண்ணின் கூலிக்குக்கூடப் போதவில்லை. அந்தப் பள்ளத்தை ரோவீனா எங்கே வேலை செய்து நிரப்பினாள் என்பது ஸ்டெல்லாவுக்குத் தெரியவே தெரியாது.

கதவு திறந்தது. டுவெய்ன் தலையை நீட்டினான். "டீச்சரம்மா, இந்தப் பெட்டிய ஒரு தடவ வந்து பாத்துட்டு..." என்று தொடங்கியவன் நிறுத்தினான். அவன் பார்வை தங்கையின் ஏப்ரனில் நின்றது. நெஞ்சுப் பக்கம் நூலால் தைத்திருந்தது: ரோவீனா.

"இதுல ஏன் உன் பேர் இருக்கு?"

"என்னோடதுதான்."

"பள்ளிக்கூடத்துலேருந்து கொண்டு வந்தியா?"

பொய் சொல்ல நல்ல வாய்ப்பு. ஆனால் செர்ரி மரப் பெட்டி வெளியே காத்திருந்தது. "இல்ல. இங்கேயே அந்தக் கொக்கிலதான் தொங்கும். சனிக்கிழமை சனிக்கிழமை வருவேன்."

டுவெய்னுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. "செத்தவங்களுக்கா?"

"தலைக்கு எழுபத்தஞ்சு டாலர். குளிர்காலத்துல நிறைய வரும்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எங்க கேட்ட? வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு வந்து 'டீச்சருக்கென்ன, ராணி'ன்னு சிரிச்ச. நானும் சேந்து சிரிச்சேன்."

அவன் எதிரில் வந்து நின்றான். டெக்சாஸில் குழாய் விற்று உடம்பை வளர்த்த மனிதன், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் கால்சட்டைப் பையில் விட்டான், எடுத்தான். ரோவீனாவுக்கு அவன்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடி," என்றாள்.

"எதுக்கு?"

"பின்பக்கம் சுத்தணும். மத்தவங்களுக்குச் செய்யறதில்ல. தலகாணிலதான கெடக்கப் போகுதுன்னு முன்பக்கத்த மட்டும் செஞ்சு விட்டுடுவோம்."

டுவெய்ன் இரண்டு கைகளையும் அம்மாவின் தலைக்கு அடியில் கொடுத்தான். தொட்டதும் குளிர்ச்சியில் ஒரு கணம் கை பின்வாங்கியது, பிறகு பிடித்துக்கொண்டான். ரோவீனா ஒவ்வொரு சுருளாகச் சுற்றினாள். கடைசி ரோலர் முடிந்ததும் டுவெய்ன் கேட்டான்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே போனான். வேண்டுமென்றே சத்தமாகப் பேசியது அவளுக்குக் கேட்டது. "மிஸ்டர் கிளெமென்ட், அந்தச் சாம்பல் நிறத்தையே எடுத்துக்கறோம். எங்கம்மாவுக்குச் சாம்பல் நிறம்னா உசுரு."

ஸ்டெல்லாவுக்குச் சாம்பல் நிறமே ஆகாது. ரோவீனா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் ஸ்டெல்லாவைக் கடைசியாகப் பார்க்க வந்த தேவாலயப் பெண்கள் எல்லோரும் பெட்டியை விட்டுவிட்டு முடியைத்தான் புகழ்ந்தார்கள். வியாழக்கிழமை சுருள் வைத்துக்கொண்டு வந்த மாதிரியே இருக்கிறாள் என்றார்கள். டுவெய்ன் ஒவ்வொருவரிடமும், "என் தங்கச்சி செஞ்சது," என்றான். வேறெதுவும் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து, பனி உருகச் சாலையில் தூவிய உப்பு படிந்த கார்கள் கல்லறைச் சரிவில் ஒவ்வொன்றாக இறங்கின. கிளெமென்ட் கோட்டின் உள்பையிலிருந்து கூலி வைத்த வெள்ளை உறைகளை எடுத்து வழக்கம்போல் கொடுத்துக்கொண்டே வந்தார். பாதிரியாருக்கு ஒன்று, ஆர்கன் வாசித்தவருக்கு ஒன்று, அடுத்தது ரோவீனாவுக்கு. நீட்டிய பிறகுதான், அவளுடைய சொந்த அம்மாவுக்குச் செய்ததற்கே கூலி கொடுக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. முகம் சிவந்துவிட்டது.

"ஐயோ, மன்னிச்சிடுங்கம்மா. ஆபீஸ்ல பழக்கத்துல உங்க பேரையும் எழுதி வச்சுட்டாங்க." உறையை உள்ளே வைக்கப் போனார்.

டுவெய்ன் திரும்பிப் பனியைப் பார்த்தான். பகலில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட பெண் தள்ளி, தன் பழைய காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவளுடைய கடைசி வாரக் கூலி இன்னும் பாக்கி.

ரோவீனா கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினாள்.