கைவிட்டதாகக் கருதுக

ஹஸ்னா பானுவுக்கு முன்னால் வரிசையில் நின்றவர், சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குக் கோவில் புற்றுமண் அனுப்ப வந்திருந்தார். ஜன்னலுக்கு உள்ளே இருந்த ஜெஸ்லின் அந்தப் பொட்டலத்தை விரலால்கூடத் தொடவில்லை.

"மண்ணு போகாது அண்ணாச்சி."

"மண்ணு இல்லம்மா, பிரசாதம்!"

"பிரசாதம்னாலும் மண்ணுதான். அங்கன கஸ்டம்ஸ்ல தூக்கிப் போட்டுருவான்."

சாமிக்கே சட்டம் பேசுகிறாளே என்று முணுமுணுத்துக்கொண்டு அவர் நகர்ந்தார். சங்கரன்கோவில் தபால் நிலையத்தில் ஜெஸ்லின் சட்டம் பேசாத நாள் கிடையாது. புளியங்குடி எலுமிச்சை ஊறுகாய் போகாது, ஒழுகும். சென்ட் பாட்டில் போகாது, தீப்பிடிக்கும். இப்படிப் பாதி ஊரையாவது அவள் பொட்டலத்தோடு திருப்பி அனுப்பியிருப்பாள். ஆனால் அவள் கட்டி அனுப்பிய பார்சல் எதுவும் நடுவழியில் நின்றதில்லை என்பதையும் அதே ஊர்தான் சொல்லும்.

ஹஸ்னாவின் பார்சலில் சட்டத்துக்கு விரோதமாக ஒன்றும் இல்லை. ஒரே ஒரு கைலி.

அவள் கணவன் ஷேக் ஃபரீத் ஆறு வருஷத்துக்கு முன் பினாங்குக்குச் சாப்பாட்டுக்கடை வேலைக்குப் போனவன். முதல் வருஷம் தினமும் பேசினான். தைலமும் பால்மாவும் அடைத்து ஓர் அட்டைப்பெட்டிகூட அனுப்பினான். பிறகு வாரத்துக்கு ஒருதரம், பிறகு பெருநாளைக்கு மட்டும். அப்புறம் அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் சொல்ல ஆரம்பித்தது. அதுவும் மூன்று வருஷமாகிவிட்டது.

ஹஸ்னா பீடி சுற்றிப் பிழைத்தாள். அழுது முடித்த பெண்தான், புதிதாக அழ ஒன்றும் பாக்கியில்லை. இப்போது அவள் தெரு அங்கன்வாடியில் உதவியாளர் வேலை காலியாகப் போகிறது. ஒன்பது மணிக்குப் போய் நாலு பிள்ளைகள் நடுவில் உட்காருகிற வேலை. அதை நினைத்தாலே அவளுக்கு முதுகுவலி பாதி குறைந்தது. கணவனால் கைவிடப்பட்டவர் என்று சான்று இருந்தால் முன்னுரிமை உண்டு. இல்லாவிட்டால் அந்த வேலையைக் கனவில்தான் பார்க்க வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர் மகாராஜன் கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் மழை பெய்கிறது என்றாலும் அதற்கொரு கடுதாசி கேட்கிற ரகம்.

"கைவிட்டாருங்கதுக்கு என்னம்மா ஆதாரம்? கடைசியா இருந்த விலாசத்துக்கு ரிஜிஸ்டர்ல ஏதாச்சும் அனுப்பு. ஆளு இல்லைன்னு திரும்பி வந்தா அந்த முத்திரை போதும். நான் எழுதிருதேன்" என்று சொல்லியிருந்தார்.

ஒரு கடிதமே போதும்தான். ஸலாம் என்று எழுதியதற்கு மேல் பேனா ஓடவில்லை. அதனால் கைலி. திரும்பி வரவேண்டிய பார்சலுக்குக் கடை கடையாக ஏறி, அவனுக்குப் பிடித்த பச்சைக் கட்டம் தேடி எடுப்பானேன் என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள். மனசு அப்படித்தான், அதற்கு எந்த அலுவலகத்திலும் படிவம் கிடையாது.

ஜெஸ்லின் பார்சலை நிறுத்துப் பார்த்தாள். அட்டைப்பெட்டியிலிருந்து கிழித்துக் கொண்டுவந்த விலாசத்தைப் படித்தாள். எந்தக் காலத்திலோ அந்தத் துறைமுகத்தை ஆண்ட ஏதோ ஒரு துரையின் பெயரில் தெரு, ஒரு கடையின் மாடி.

"போஸ்ட்கோடு இருக்கு, நல்லது. உங்க போன் நம்பரையும் மேல எழுதுங்க. பெறுதவங்க கையெழுத்துப் போட்ட அட்டை திரும்பி வரணுமா?"

"வரணும்."

"சரி. கடைசியா ஒண்ணு." ஜெஸ்லின் படிவத்தின் கீழே இரண்டு கட்டங்களைப் பேனாவால் தட்டிக் காட்டினாள். "அங்கன ஆளு இல்லைன்னா என்ன செய்ய? பொருள் உங்களுக்குத் திரும்ப வேணுமா, இல்ல கைவிட்டதா வச்சு விட்டிரலாமா?"

ஹஸ்னாவுக்குச் சுருக்கென்றது. "என்னது?"

"இங்கிலீஷ்ல அப்படித்தான்க்கா போட்டிருக்கான். கைவிட்டதாகக் கருதுகன்னு. திரும்பி வந்தா அதுக்கு வேற நீங்கதான் கட்டணும். ஒரு கைலிதானே, விட்டிரலாம்னு டிக் அடிச்சிருதேன்."

"யாரு கைவிட்டதா?"

"நீங்கதான். அனுப்புதவங்கதான் சொல்லணும்."

ஆறு வருஷத்தில் அவளை யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஜமாஅத்தில் பேசினாலும் தாலுகா ஆபீசில் பேசினாலும், கைவிடப்பட்டவள் அவள், விட்டவன் அவன். அவளும் விடலாம், அதற்கும் ஒரு கட்டம் உண்டு என்று இந்தக் கண்டிப்புக்காரி சொல்லித்தான் தெரிகிறது. ஜெஸ்லினின் பேனா அந்தக் கட்டத்துக்கு மேலேயே நின்றது. பின்னால் யாரோ செருமினார்கள்.

"திரும்ப வேணும்மா" என்றாள் ஹஸ்னா. முத்திரைக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஏழு வாரம் ஆயிற்று. விண்ணப்பிக்க நாலு நாள் மிச்சம் இருக்கும்போது தபால்காரர் பிரவின்ராஜ் வாசலில் சைக்கிள் மணி அடித்தார். கையில் பார்சல் இல்லை. ஓர் அட்டை மட்டும் இருந்தது.

"சேர்ந்துட்டுக்கா" என்று சந்தோஷமாக நீட்டிவிட்டுப் போனார்.

பெறுபவர் கையெழுத்து. ஷேக் ஃபரீத். கீழே ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி. நிக்காஹ் பதிவேட்டிலும் இதே கோடு, இதே இரண்டு புள்ளிதான்.

அல்ஹம்துலில்லாஹ் என்று அவள் வாய் தானாகச் சொன்னது. உயிரோடு இருக்கிறான். ஆஸ்பத்திரியில் இல்லை, ஜெயிலில் இல்லை, கடலில் விழவில்லை. மூன்று வருஷமாக அவனுக்காக அவள் நினைத்து வைத்திருந்த சாவுகள் எத்தனையோ, அத்தனையிலிருந்தும் அவன் பிழைத்துவிட்டான். அட்டையில் போட்டிருந்த தேதியைப் பார்த்தாள். வாங்கி மூன்று வாரம். போனை எடுத்துப் பார்த்தாள், சத்தம் நன்றாகத்தான் வைத்திருந்தது. அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

மறுநாள் மகாராஜன் அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது ஆளு இருக்காருன்னுல்லாம்மா சொல்லுது? பார்சலை வாங்கியிருக்காரு. இத வச்சுக் கைவிட்டாருன்னு நான் எப்படி எழுத? திரும்பி வந்திருந்தா வேற விஷயம்."

ஹஸ்னா எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"சார், ஆளு காணாமப் போயிருந்தா அவரு எப்படி சார் என்னைக் கைவிட்டிருப்பாரு? பாவம், அவருக்கே என்ன ஆச்சோன்னுதானே நினைக்கணும். இருக்கிறவருதானே கைவிட முடியும்? அதே விலாசத்துல இருக்காரு. கையெழுத்துப் போடக் கை நல்லா இருக்கு. என் நம்பர் பார்சல் மேலேயே எழுதியிருந்துச்சு. கைலியை எடுத்துக்கிட்டாரு. மூணு வாரமாச்சு சார். இதுக்கு மேல நான் என்ன ஆதாரம் கொண்டார?"

மகாராஜன் அட்டையை மறுபடி கையில் எடுத்தார். அட்டையிலிருந்த அந்த இரண்டு புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேஜைக்குள்ளிருந்து விசாரணை அறிக்கைத் தாளை எடுத்து, குனிந்து எழுத ஆரம்பித்தார். முழுப் பக்கம் எழுதினார். கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார்.

"அட்டையை ஃபைல்ல வச்சுக்கிடுதேன்" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சற்றுத் தயங்கினார். அவளிடம் அந்த மனுஷனின் கையெழுத்து வேறெதிலும் இருக்காது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "உனக்குத் திரும்ப வேணும்னா சொல்லும்மா, ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டுத் தந்திருதேன்."

ஹஸ்னா சேலை முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"வேண்டாம் சார். விட்டிரலாம்."