பீச்சாங்கையில் ஒரு வாத்து

பீச்சாங்கை என்றால்தான் அந்த சலூன்காரரைத் தெருவுக்கே தெரியும். இடது கையில் கத்தரி பிடித்தே முப்பது வருஷம் குடும்பத்தைக் கரையேற்றிய மனுஷன். இப்போது அதே கையில், அழுத்தினால் கீச்சென்று கத்தும் ரப்பர் வாத்தோடு ஆபரேஷன் மேஜையில் கிடந்தார்.

"பேரனுக்கே இப்படி ஒண்ணு வாங்கித் தரல, டாக்டரம்மா!"

வாத்து மயக்க மருந்து டாக்டரம்மாவின் ஏற்பாடு. மூளைக்குப் போகும் வலப்பக்கக் கழுத்து ரத்தக் குழாயில் அடைப்பு. கிளிப் போட்டு ரத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் சுத்தம் செய்ய முடியும். அதனால் கழுத்தை மட்டும் மரத்துப்போக வைத்து, ஆளை முழிப்பாகவே வைத்திருப்பார்கள். வலப்பக்க மூளைதான் இடது கையை ஆட்டுவிக்கும்; இடது கை வாத்து கத்தினால் மூளை பிழைத்தது.

மனுஷன் வலியில் நெளிந்தார். சர்ஜனுக்கு மூக்குக்கு மேல் கோபம். "ஆளை அடக்குங்கம்மா!" அவளும் வலியை அடக்கித் தூங்கவைக்கும் ஃபென்டனைலைக் கொஞ்சம் கூடுதலாகவே ஏற்றிவிட்டாள். கிளிப் விழுந்தது.

"அழுத்துங்கண்ணே."

கீச்.

"இன்னொரு தரம்."

சத்தமே இல்லை.

"மூளைக்கு ரத்தம் போகலையா? கிளிப்பைத் தாண்டி ரத்தம் போக மாத்து டியூப் போடவா?" என்றார் சர்ஜன்.

அவள் இமையை விலக்கிப் பார்த்தாள். கண்மணி கடுகாகச் சுருங்கியிருந்தது. அது அந்த மருந்தின் வேலை. "வேணாம் சார். நான் கொடுத்தது ஜாஸ்தியாயிடுச்சு, தூங்குறார். கொஞ்சம் பொறுங்க." தன் தப்பைத் தானே ஒத்துக்கொண்டோமே என்று பெருமை வேறு அவளுக்கு!

ஐந்தாவது நிமிஷமும் வாத்து கத்தவில்லை. மருந்தென்றால் இரண்டு கையும்தானே சோர வேண்டும்? ஐயோ, இது முதலிலேயே உறைக்கவில்லையே! வாத்தைப் பிடுங்கி அவர் வலது கையில் திணித்தாள்.

"அழுத்துங்கண்ணே!"

கீச்! நன்றாகவே கத்தியது.

"டியூப் போடுங்க சார், சீக்கிரம்!"

டியூப் போனது, ரத்தமும் ஓடியது. இடது கை மட்டும் போட்டது போட்டபடி கிடந்தது.

மறுநாள் வார்டில் அவர் மனைவி அவளைக் கண்டதும் கைகூப்பினாள். "உயிரைக் காப்பாத்திட்டீங்கம்மா. கை போனது எங்க தலையெழுத்து."

சும்மா தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"தலையெழுத்து இல்லக்கா. மருந்து மயக்கம்னு நினைச்சு அஞ்சு நிமிஷம் விட்டுட்டேன். தப்பு என்னோடது."

கூப்பிய கை இறங்கியது. சலூன்காரர் மேஜைமேல் இருந்த வாத்தை வலது கையால் எடுத்து, இடது உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.

"சொல்லுங்க, டாக்டரம்மா."

"அழுத்துங்கண்ணே."

வாத்து கத்தவில்லை.

"இன்னொரு தரம் சொல்லுங்க," என்றார்.