சம்பந்தியம்மாவின் கையெழுத்து

சட்டப் புத்தகங்கள் போடும் ஒரு பதிப்பகத்தில் அவர் விற்பனைப் பிரதிநிதி. தலை நரைக்கும் வரை நீதிமன்ற நூலகத்துக்கு நடையாய் நடந்தவர். அங்கிருந்த நூலகரம்மாவிடம் ஒரு புத்தகத்தை விற்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. புதிய பதிப்பு என்று எதை நீட்டினாலும், பழையதையும் எடுத்து மேஜையில் வைத்துப் பக்கம் பக்கமாக ஒப்பிடுவார். அட்டை மட்டும் மாறியிருந்தால், ஒரு வார்த்தை பேசாமல் இவர் பக்கமே தள்ளிவிடுவார்.

அந்த அம்மாவின் மகனும் இவருடைய மகளும் வக்கீல்கள். இருவரும் விரும்பி, இரண்டு வீட்டிலும் சம்மதம் வாங்கி, கல்யாணத்துக்குத் தேதியும் குறித்துவிட்டார்கள். பிரதிநிதிக்குத் தலைகால் புரியவில்லை. அவரைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டவர் அவருடைய மேலாளர்தான்.

"இனிமே அது நம்ம வீட்டு லைப்ரரி மாதிரி," என்று சொல்லி, புதிதாகத் தயாரித்த ஓர் ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்தார். அதன்படி, புதிய பதிப்பு எது வந்தாலும் கேட்காமலேயே நூலகத்துக்கு அனுப்பலாம். வந்ததைத் திருப்பி அனுப்பக் கூடாது. திருப்பக் கூடாது என்கிற வரி மட்டும் கடைசிப் பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. நீதிமன்ற நூலகம் கையெழுத்துப் போட்டால் மற்ற நூலகங்களும் மறுபேச்சு இல்லாமல் போடும் என்பது மேலாளரின் கணக்கு.

பிரதிநிதி நூலகத்துக்குப் போனபோது, சம்பந்தி என்ற மரியாதையில் நாற்காலியும் தேநீரும் வந்தன. அதற்குப் பிறகு பையைத் திறக்க அவருக்குக் கை வரவில்லை. எப்படியோ ஒப்பந்தத்தை எடுத்து, தானே கடைசிப் பக்கத்தைப் புரட்டி, அந்த வரியின்மேல் விரலை வைத்தார்.

"முதல்ல இதைப் படிச்சிடுங்க சம்பந்தியம்மா. மத்ததெல்லாம் அப்புறம்."

படித்தார். கோபப்படவில்லை. ஒப்பந்தத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் பக்கத்துச் செய்தியைச் சொன்னார். இந்தச் சம்பந்தத்தைப் பற்றி நூலகக் குழுவிடம் தெரிவித்துவிட்டாராம். இனி இவருடைய பதிப்பகத்துப் புத்தகங்களைக் குழுதான் தேர்ந்தெடுக்கும். தான் அதில் தலையிடப் போவதில்லை. பதிப்பகமும் வேறு ஆளை அனுப்பினால் நல்லது.

பிரதிநிதிக்கு முகம் விழுந்துபோயிற்று. "என்மேல நம்பிக்கை இல்லையா?"

"இருக்கு. அதனாலதான் நேரா சொல்றேன். நாளைக்கு உங்களையோ என்னையோ யாரும் ஒரு சொல் சொல்லிடக் கூடாது. நம்ம பிள்ளைங்க இதே கோர்ட்லதான நிக்கப் போறாங்க."

அந்த நியாயம் தொண்டைக்குக் கீழே இறங்கச் சற்று நேரம் பிடித்தது. இறங்கிய பிறகு மனசு லேசாகிவிட்டது.

கையெழுத்து இல்லாமல் அவர் அலுவலகம் திரும்பியதும் மேலாளர் கோபத்தில் குதித்தார். அதுவரை அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பிரதிநிதி, அந்த வரியை எடுத்துவிடச் சொன்னார். ஒவ்வொரு பதிப்போடும் என்ன மாறியிருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுப்போம், வேண்டுமா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்யட்டும் என்றார். அதை எழுதித் தருவதில் தனக்கு ஒரு சிரமமும் இல்லை என்று பதிப்பாசிரியை பக்கபலமாகப் பேசினார். மேலாளர் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். சட்டக் கல்லூரி நூலகமும் அதே வரியைக் காட்டிக் கையை விரித்த பிறகுதான் இறங்கி வந்தார். திருத்திய ஒப்பந்தத்தில் நூலகக் குழு கையெழுத்திட்டது, சம்பந்தியம்மா போடவில்லை. மற்ற நூலகங்களுக்கும் அதே ஒப்பந்தம்தான் போனது. சில பதிப்புகள் முன்பைவிடக் குறைவாக விற்றன. ஆனால் சண்டை போட்டுக்கொண்டு திரும்பி வருகிற பார்சல்கள் நின்றுபோயின.

கல்யாணம் முடிந்த பிறகு ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, பிரதிநிதி வெறும் கையோடு அந்த நூலகத்துக்குப் போனார். தூக்கிச் சுமந்த புத்தகங்களில் ஒன்றையாவது அவர் முழுசாகப் படித்ததில்லை. வாடகைச் சட்டம் பற்றிய ஒன்றை எடுத்து ஜன்னலோரமாக உட்கார்ந்தார். மூன்றாவது அத்தியாயத்திலேயே, தன் வீட்டுக்காரரிடம் இத்தனை வருஷம் வீணாகப் பயந்திருக்கிறோம் என்று தெரிந்து தனக்குள் சிரித்துக்கொண்டார்.

சம்பந்தியம்மா அந்தப் பக்கமாக வந்தவர், குனிந்து மெதுவாகச் சொன்னார்: "சம்பந்தி, பக்கத்தை மடிக்காதீங்க."