மூன்று சக்கரக் கார்

கடைசிக் கோழியையும் ரேகா காலைப் பிடித்து இழுத்துக் காருக்கு வெளியே விட்டாள். அது கத்திக்கொண்டு முருங்கை மரத்தடிக்கு ஓடியது. உள்ளே இறுகிக் கிடந்த எச்சத்தைத் தகரத்தால் சுரண்டினாள், பினாயில் ஊற்றிக் கழுவினாள், ஒரு பழைய பாயை விரித்தாள். திருப்பதி ஆஸ்பத்திரியில் விடியற்காலை அவளுடைய நைனா உமாபதி செத்துப்போயிருந்தார். தம்பி தணிகைவேல் உடலோடு ஆம்புலன்ஸில் வந்துகொண்டிருந்தான். புத்தூர் தாண்டிவிட்டதாகச் சற்று முன்புதான் போன் செய்திருந்தான்.

துக்கத்துக்கு வந்த பெண்கள் தோட்டத்துப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். அப்பன் ஆசையாக ஓட்டிய வண்டியைச் சாவு வீட்டிலும் மறக்காமல் கழுவுகிறாள், பெற்றால் பெண்ணைத்தான் பெற வேண்டும் என்று மூக்கைச் சிந்தினார்கள். ரேகாவுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று அதற்கு மூன்றே சக்கரம். எப்போதோ பெங்களூரில் செய்து விற்ற கார். உடம்பெல்லாம் ஃபைபர். நகரியில் விசைத்தறி போட்டுக் கையில் காசு புழங்கிய காலத்தில் உமாபதி அதைப் பழையதாக வாங்கி வந்தார். தெருவே சிரித்தது. அவர் கண்டுகொள்ளாமல் நெஞ்சை நிமிர்த்திச் சித்தூர் வரைக்கும் ஓட்டினார். ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காமல் கார் நின்றுபோனதும் அதற்கு அவரே வேறு வேலை கண்டுபிடித்தார். சீட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, தோட்டத்தில் நிறுத்தி, வீட்டுக்கு விலக்கான பெண்கள் மாதாமாதம் படுக்கும் இடமாக்கினார். காரில் படுக்கிற யோகம் எந்தப் பொம்பளைக்குக் கிடைக்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

அம்மா தேவசேனா அதில் படுத்தாள். பெரியவளான பிறகு ரேகாவும் படுத்தாள். உள்ளே காலை நீட்ட முடியாது. பத்தாம் வகுப்புப் பரீட்சை நேரத்தில் ஒருநாள் கோடை மழை கொட்டியது. கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியாகச் சாரல் அடித்துப் புத்தகமெல்லாம் ஊறிப்போனது. காய்ச்சலோடு போய் வீட்டுக் கதவைத் தட்டினாள். உமாபதி ஜன்னலை மட்டும் திறந்து, சட்டம் என்றால் எல்லாருக்கும் சட்டம்தான், போய்ப் படு என்று சொல்லி மூடிக்கொண்டார். அந்தப் பரீட்சையோடு அவள் படிப்பு முடிந்தது. அவளைக் கட்டிக்கொடுத்து, அம்மாவுக்கும் அந்தத் தொல்லை நின்ற பிறகு, கார் கோழிகளுக்குப் போனது.

அவள் அவரை மன்னிக்கவில்லை. செத்தவர் மேல் கோபம் ஆகாது என்று யார் சொன்னாலும் அவளுக்குக் கவலையில்லை. அந்த மனுஷன் ஒரு பொழுதாவது அந்தக் காருக்குள் கிடக்க வேண்டும். வேறெதுவும் அவளுக்கு வேண்டாம். சாமியானாக்காரர் போன் செய்தபோது எடுத்துப் பேசியவளும் அவள்தான். வானம் கருத்துக்கொண்டு வருவதைப் பார்த்தபடியே, சாயங்காலம் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டாள்.

ஆம்புலன்ஸ் உமாபதியைத் தெருவில் பெஞ்சின் மேல் இறக்கிவிட்டு அடுத்த கேஸுக்கு ஓடியது. ஐஸ் பெட்டி இன்னும் வரவில்லை. முதல் தூறல் விழுந்ததும் தணிகைவேல் தலைப்பக்கத்தைத் தூக்கப் போனான். ரேகா வாசற்படியில் வந்து நின்றாள்.

"வெளிய செத்தவங்கள உள்ள எடுத்துனு வரக்கூடாது. நைனா சொன்ன சட்டம்."

"மழ வருதுக்கா."

"ஆதிகேசவன் சித்தப்பா செத்தப்போ மட்டும்? கூடப் பொறந்த தம்பிய உச்சி வெயில்ல இதே பெஞ்சுலதான போட்டு வெச்சாரு."

தணிகைவேல், அத்தை புருஷன் செங்கல்வராயனைப் பார்த்தான். சடங்கு, முறை எல்லாவற்றிலும் அந்தக் குடும்பத்துக்கு அவர் சொன்னதுதான் முடிவு. அவர் தாடையைத் தடவிக்கொண்டு, பொண்ணு சொல்வது முறைதான் என்றார். தறிக் கொட்டகையில் வைக்கலாமா என்று அவன் கேட்டதற்கு, பாவு நூல் ஏற்றிய தறிக்கு முன்னால் பிணத்தை வைப்பார்களா என்று சீறினார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. உமாபதியின் நெற்றித் திருநீறு கரைந்து காதுப் பக்கம் வழிந்தது.

"தோட்டத்துல கார் இருக்குது. கழுவி வெச்சிருக்கேன்," என்றாள் ரேகா.

தணிகைவேல் அவளையே பார்த்தான். அவனுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். ஆனால் அப்பா மழையில் நனைந்துகொண்டிருந்தார்; அவன் தலைப்பக்கத்தைத் தூக்கினான். வீட்டை ஒட்டிய சந்து வழியாகத் தூக்கிப் போனார்கள். விலக்கான நாட்களில் பெண்கள் தோட்டத்துக்குப் போக அதுதான் வழி.

தலையை உள்ளே விட்டுத் தள்ளினார்கள். இடுப்பு போனது. முழங்காலுக்குக் கீழே போகவில்லை. கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிய பாதங்கள் கதவுக்கு வெளியே மழையில் நீட்டிக்கொண்டிருந்தன. ஆண்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். ரேகா ஆசை தீரப் பார்த்தாள். அவளுக்குப் போதவில்லை.

அப்போது பின்கட்டுக் கதவு திறந்தது. விடிந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் உட்கார்ந்திருந்த தேவசேனா, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வந்தாள். ரேகா அம்மாவின் வாயையே பார்த்தாள். காலம் முழுக்க அந்த மனுஷனுக்குச் சாதம் போட்டவள். உள்ளே கொண்டு வாங்க என்று இவள் ஒரு வார்த்தை சொன்னால் செங்கல்வராயன்கூட மறுக்க மாட்டார்.

தேவசேனா குனிந்து புருஷனின் பாதங்களைப் பார்த்தாள்.

"முட்டிய மடக்குங்க. மடக்குனா புடிக்கும்."

யாரும் அசையவில்லை. அவளே மடக்கினாள். உடம்பு இன்னும் முழுசாக விறைக்கவில்லை. ஒருக்களித்துச் சுருண்டு உமாபதி உள்ளே அடங்கினார். தணிகைவேல் சாத்தியபோது கதவு திரும்பத் திரும்பத் திறந்துகொண்டது. தேவசேனா அவனை விலக்கிவிட்டு, கதவின் அடியைக் கொஞ்சம் தூக்கித் தோளால் ஓர் இடி இடித்தாள். மூடிக்கொண்டது.

அம்மாவும் மகளும் வீட்டுக்குள் போனார்கள். மழையில் நனைந்த கோழிகள் எல்லாம் கூடத்துக்குள் வந்திருந்தன. ஒன்று உமாபதியின் சாய்வு நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருந்தது. ரேகா துடைப்பத்தை எடுத்தாள்.

"வுடுமே, மழைல எங்க போவும்," என்றாள் தேவசேனா.

நாற்காலியின் மேலிருந்த கோழி சிறகை உதறிக்கொண்டது.