இடைவேளைக்கு ஒரு போன்

ரிஃபத் பள்ளிக்குப் போய் ஐந்து வாரமாகிறது. பன்னிரண்டாம் வகுப்பு. திங்கட்கிழமை வேதியியல் செய்முறைத் தேர்வு. அதற்கும் வராவிட்டால் இந்த வருஷம் போனதுதான். பள்ளியிலிருந்து சொல்லியனுப்ப, வியாழக்கிழமை சமூகப் பணியாளன் கிருபாசங்கர் கோட்டைமேட்டில் உள்ள அவள் வீட்டுக்குக் கிளம்பினான்.

"அப்பா எறந்த வீடு. உனக்கு முடியுமா கிருபா? நான் வேணா போறேன்," என்றாள் மேலதிகாரி புவனா.

"முடியுங்க மேடம்."

அவன் மனைவி இறந்து பதினோரு மாதம். எதைக் கேட்டாலும் இந்தப் பதில்தான்.

வீட்டில் ரிஃபத்தின் பெரியத்தா, அப்பாவின் அண்ணன் ரசாக், நாற்காலி போட்டார். உள்ளறை வாசலில் திரை. அதற்குப் பின்னாலிருந்து தாய் உம்மல் குல்சும் பேசினார். பெரிய சிக்கலைச் சின்னச் சின்ன வேலைகளாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள், ஒரு தேதி போடுவது கிருபாசங்கர் படித்த முறை. முதல் வேலையைப் படிவத்தில் எழுதியே கொண்டுவந்திருந்தான்.

"திங்கக்கிழமை காலைல அம்மா ரிஃபத்தை ஸ்கூலுக்குக் கூட்டிட்டு வரணுங்க."

ரசாக் சிரித்துவிட்டார். "ஏனுங்க தம்பி, அவ இத்தாவுல இருக்கறா. புருசன் போயி நாலு மாசம் பத்து நாளு வாசப்படி தாண்டப்படாது. காலேஜுல இதெல்லாம் சொல்லித் தரலீங்களா?"

சொல்லித் தந்திருந்தார்கள். அந்தக் கேள்விக்கு ஐந்து மதிப்பெண் வேறு வாங்கியிருந்தான். எழுதியதை அடித்தான்.

"அப்ப நீங்க கூட்டிட்டு வாங்க."

"நான் தெனமும் பைக்கை எடுத்து வெச்சுட்டுத்தானுங்க நிக்கறேன். புள்ள ஏறோணுமே."

வீட்டுக்கு யார் யார் வருகிறார்கள் என்று கேட்டு, ஆளுக்கொரு வட்டம் வரைந்து அதில் வேலையை எழுதினான். சமையலுக்கு ரசாக்கின் மனைவி. கடைக்குப் பக்கத்து வீடு. ரிஃபத் தலையில் ஒரு வேலையும் இல்லை. அவளை மட்டும்தான் இன்னும் கேட்கவில்லை. திரையோரம் உட்கார்ந்திருந்தாள்.

"ஸ்கூலுக்குப் போனா என்ன ஆயிரும்னு நெனைக்கறே?"

"அத்தாவுக்குக் கடையில நெஞ்சு வலி வந்தப்ப நான் கிளாஸ்ல இருந்தேன். நாலு பீரியடு கழிச்சுத்தான் கூப்புட வந்தாங்க. அம்மாவுக்கு ஏதாச்சும்னா?"

"ஒண்ணும் ஆவாது கண்ணு," என்றார் ரசாக்.

"அத்தாவுக்கும் அதைத்தான் சொன்னீங்க பெரியத்தா."

அவள் கிருபாசங்கரைப் பார்த்தாள்.

"உங்க ஊட்டுல யாராச்சும் மௌத்தாயிருக்காங்களா சார்?"

சொந்தக் கதையைச் சொல்வதானால் அது கேட்பவருக்கு உதவ வேண்டும் என்பது விதி. அதை யோசிப்பதற்குள் சொல்லிவிட்டான்.

"என் மனைவி."

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"ஆபீஸ்ல."

"மறுபடி ஆபீஸ் போனீங்களா?"

"பதினேழாம் நாள்."

"பயமா இல்லீங்களா?"

"இல்ல. பயப்படறதுக்கு ஊட்டுல வேற யாரும் இல்ல."

சொன்ன பிறகுதான் அது உதவாது என்று தெரிந்தது. இவளுக்கு ஒருத்தர் மிச்சம் இருந்தார். படிவத்தில் 'தேவையற்ற அச்சம்' என்றிருந்ததையும் அடித்தான்.

"பயப்படாதேன்னு சொல்லமாட்டேன். பயத்தோடயே ஒரு நாள் போயிட்டு வரோணும்னா என்ன வேணும்?"

ரிஃபத் யோசித்தாள். "அம்மா நல்லா இருக்காங்களான்னு தெரியணும். இடைவேளைக்கு ஒருக்கா. சாப்பாட்டுக்கு ஒருக்கா."

பள்ளியில் செல்போனுக்குத் தடை. அங்கிருந்தே தலைமையாசிரியையைக் கூப்பிட்டுப் பேசி, பள்ளி ஆபீஸ் போனில் பேச அனுமதி வாங்கினான். வீட்டிலிருந்து கூப்பிடுவது யார்? படிவத்தில் ஆள் பெயர் போடும் இடத்தில் பேனா நின்றது.

"என் பேரை எழுதுங்க தம்பி," என்றது திரைக்குப் பின்னாலிருந்து குரல். "வெளிய போறதுக்குத்தானே ஆகாது. எம்புள்ளகிட்டப் பேச ஆருகிட்டக் கேக்கோணும்?"

திங்கட்கிழமை ரசாக்கின் பைக்கில் வந்து இறங்கினாள். பத்து நாற்பதுக்கு ஆபீஸ் போன் அடித்தது. கிருபாசங்கர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"அம்மா, சாப்டீங்களா? என்ன சாப்டீங்க? பொய் சொல்லாதீங்க, பெரியம்மாகிட்டக் குடுங்க."

பெரியம்மாவிடமும் கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். அவனிடம் சொல்லிக்கொள்ளாமலே நடந்தாள். பதினொன்றுக்கு லேப் கதவைச் சாத்தினார்கள். அவள் உள்ளே இருந்தாள்.