குடும்பிமலைக்குப் போய் வந்தவர்

சப்பாத்து கழலமாட்டேன் என்றது. சீனித்தம்பி, வினாயகமூர்த்தியின் இடது காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு குதிகாலைப் பிடித்து இழுத்தார். இழுத்த இழுப்பில் உடம்பே கட்டிலில் ஒரு சாண் கீழே வந்துவிட்டது. உயிரோடு இருந்திருந்தால் வினாயகமூர்த்தி இந்நேரம் அவரை ஏசித் தீர்த்திருப்பார்.

"ஒரு பிளேட் இருந்தாத் தாங்க. அறுத்து எடுப்பம்," என்றார் சீனித்தம்பி. அவருடைய குரல் கரகரத்தது.

"அறுக்க வேணாம் அண்ணன்," என்றாள் கேதீஸ்வரி. "அது நிலோஜன்ட."

அவள் கணவனின் காலடியில் உட்கார்ந்து, சேறு காய்ந்து இறுகிப்போன நாடாவை நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்தாள். வீங்கிய கணுக்காலைச் சுற்றித் தேங்காய் எண்ணெய் ஊற்றினாள். சப்பாத்து மெல்ல வழுக்கிக்கொண்டு வந்தது. குதிகால் தோலும் கொஞ்சம் கூடவே வந்தது.

மகன் பந்தடிக்கப் போட்ட சப்பாத்து அது. நாலு வருஷமாகக் கட்டிலுக்குக் கீழே பெட்டியில் இருந்தது. அவள் அடிக்கடி எடுத்துத் துடைத்து வெயிலில் வைப்பாள். அதைக் கேட்காமல் கொள்ளாமல் எடுத்துப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார் மனுஷன். ரப்பர் செருப்பைத் தவிர வேறொன்றும் அறியாத அகலப் பாதம், பாண் சுடும் போறணை அடுப்பின் முன்னால் நின்றே காலம் கழித்த பாதம். அதை இதற்குள் எப்படித் திணித்தார், அதோடு எப்படி மலை ஏறினார் என்பது அவருக்குத்தான் வெளிச்சம்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னர்தான் சரீப்பின் பாண் விற்கும் வான் வாசலில் வந்து நின்றது. மலைக்குப் போன வினாயகமூர்த்தி, சீனித்தம்பி, சரீப் மூன்று பேரும் அதில் இருந்தார்கள். சாரதி ஆசனத்திலிருந்து தலையை நீட்டி, "புள்ள, உன்ட மாப்பிள்ளையப் பத்திரமா ஒப்படைச்சிட்டன்," என்று அடைத்த தொண்டையால் சொல்லிவிட்டு சரீப் போனார். வினாயகமூர்த்தி முற்றத்துக் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார். கேதீஸ்வரியின் கண் முதலில் சப்பாத்தில்தான் விழுந்தது. நல்லா நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வாயெடுத்தாள். அவர் முந்திக்கொண்டார்.

"கேதீஸ், ஒரு தேத்தண்ணி வை. தொண்டை காஞ்சு போச்சி. குடிச்சிட்டு ஒண்டு சொல்றன்."

குரல் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. ஆனால் முகத்தில் களைப்பையும் மீறி ஏதோ ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்ல ஓடிவந்த பிள்ளையின் முகம் அப்படி இருக்கும். அவள் குசினிக்குள் போய்த் தண்ணீரை அடுப்பில் வைத்தாள். கோப்பையோடு திரும்பி வந்தபோது அவர் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார். நித்திரை என்றுதான் நினைத்தாள்.

கிளினிக்கில் டொக்டர் இருதயத்தைப் பற்றி எச்சரித்திருந்தார். ஆகவே சாவு வந்தது அதிசயமில்லை. ஆனால் சொல்லவந்ததை வாய்க்குள் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் இப்படிப் போவானா?

சப்பாத்துகளை அப்பால் வைத்துவிட்டு அவள் அவருடைய சேட்டுப் பைக்குள் கையை விட்டாள். வியர்வை துடைத்து நனைந்த ஒரு லேஞ்சித் துண்டு இருந்தது. போகும்போது அவர் அதில் வைத்திருந்த கற்பூரப் பொட்டலம் இல்லை.

இரண்டாம் தடவையும் கையை விட்டுத் துழாவினாள்.

வினாயகமூர்த்தி ஏணி ஏறி அறியாதவர். எரிந்துபோன பல்பை மாற்றுவதென்றாலும் கேதீஸ்வரிதான் மேசைமேல் ஏறவேண்டும். அவர் கீழே நின்று மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு புத்தி சொல்லுவார். களுவாஞ்சிக்குடியில் அவர் பாண் போட்ட போறணையில் இதைச் சொல்லிச் சொல்லியே எல்லோரும் சிரிப்பார்கள். தேற்றாத்தீவில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். தென்னையையும் தண்ணீர்த் தாங்கியையும் விட்டால் அண்ணாந்து பார்க்க ஒன்றும் கிடையாது. உயரத்துக்குப் பயந்தவன் அப்படிப்பட்ட ஊரில் ஒரு குறையும் இல்லாமல் வாழ்ந்துவிட்டுப் போகலாம்.

கடல் ஊருக்குள் வந்த காலையில்தான் அது குறையாகிப் போனது. கேதீஸ்வரியும் நிலோஜனும் அன்றைக்கு வவுணதீவில் ஒரு கல்யாண வீட்டில் நின்றார்கள். இங்கே ஏறத் தெரிந்தவர்கள் தென்னையில் ஏறினார்கள். வினாயகமூர்த்தி இளைய மகளான சின்னவளை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு மறுகையால் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி கீழேயே நின்றார். தண்ணீர் திரும்பிப் போனபோது அவருடைய பிடியில் மரம் மட்டும் இருந்தது.

சின்னவளை ஊர் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். நினைத்தபோது போய் ஒரு விளக்கு வைக்க கேதீஸ்வரிக்கு இடம் இருக்கிறது. நிலோஜனுக்கு அப்படி ஓர் இடம் இல்லை, அவளுக்கு அது வேண்டவும் வேண்டாம். ரியூசன் வகுப்புக்குப் போன வழியில், சண்டைக்குப் பிள்ளை பிடிக்கிறவர்கள் அவனைக் கொண்டு போனார்கள். கொண்டு போனது யார் என்பதில் ஊரில் இரண்டு கதை. குடும்பிமலைப் பக்கம் கண்டதாக ஒருவன் சொன்னதுதான் கடைசிச் சேதி. பிறகு அந்தக் காட்டில் பெரிய சண்டை நடந்தது. பிறகு வடக்கிலும் முடிந்து, சண்டையே இல்லை என்றாகிவிட்டது. முகாம்களில் பிடித்து வைத்திருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக வீடு வந்தன. அவன் வரவில்லை.

"ஆத்துமா அலையும் மச்சாள், ஒரு காரியத்தச் செய்து விடுவம்," என்று வினாயகமூர்த்தியின் தங்கை மங்கையற்கரசி ஒருநாள் வந்து சொன்னாள். கேதீஸ்வரி கையிலிருந்த அகப்பையை எறிந்தாள். மங்கையற்கரசி விலகியதால் அது சுவரில் பட்டது. அன்றைக்கு வினாயகமூர்த்தி அங்கேயேதான் இருந்தார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கேதீஸ்வரியால் மன்னிக்க முடியாமல் இருந்தது அந்த மௌனத்தைத்தான். இந்த மனுஷன் மகனை மனதுக்குள் புதைத்துவிட்டாரா?

குடும்பிமலைப் பாதை திறந்துவிட்டது, அடிவாரத்து முருகன் கோயிலுக்குச் சனம் போகிறது, ஆமியிடம் சொல்லிவிட்டு மலையும் ஏறலாம் என்று சரீப்தான் ஒருநாள் போறணையில் வந்து சொன்னார். "நானும் ஏறப்போறன்," என்றார் வினாயகமூர்த்தி. போறணையே சிரித்தது. அவர் விடவில்லை. மா மூடைகளில் ஏறி இறங்கிப் பழகினார். கடைசியில் கூட வேலை செய்யும் சீனித்தம்பியும் சரீப்பும் வர ஒத்துக்கொண்டார்கள். அவர்களும் மலையைப் படத்தில் மட்டும் கண்டவர்கள்தான்.

புறப்படுவதற்கு முதல்நாள் அவருடைய சேட்டை ஸ்திரிக்கைப் பெட்டியால் மினுக்கும்போது, அதன் பையில் அவள் அந்தக் கற்பூரப் பொட்டலத்தைக் கண்டாள்.

"இது என்னத்துக்கு?"

"கோயிலுக்கு."

"கோயில்ல கற்பூரம் விக்காமலா இரிக்கி? மலையில வெச்சி, செத்தவனுக்குப் போல, இத என்ட மகனுக்குக் கொளுத்தினீங்களெண்டா மறுகா இந்த வீட்டுக்கு வராதீங்க."

அவர் பொட்டலத்தைச் சேட்டுப் பையில் திரும்ப வைத்தார். அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்துதான் விட்டார். கற்பூரம்தான் வரவில்லை.

மறுநாள் காலையில் மரண விசாரணை அதிகாரி வந்து, கிளினிக் கொப்பியைப் புரட்டிவிட்டு, இருதயம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். முற்றத்தில் பந்தல் போட்டார்கள். மேளக்காரர் வந்தார்கள். போறணையிலிருந்து வந்தவர்கள் உடம்பைப் பார்த்து அழுதார்கள், வெளியே போய் அவருடைய மா மூடைப் பயிற்சியைச் சொல்லிச் சிரித்தார்கள், திரும்ப அழுதார்கள். கேதீஸ்வரி அழவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொளுத்திவிட்டீர்கள், என்ன? அதைத்தானே சொல்ல வந்தீர்கள்? சீனித்தம்பியிடம் கேட்டால் தெரிந்துவிடும். கேட்கத்தான் பயமாக இருந்தது.

மங்கையற்கரசி பக்கத்தில் வந்து குனிந்தாள். "மச்சாள், வெயில் ஏறுது. கிரியை செய்யிற ஐயாவும் வந்திட்டார். கடமை செய்ய நிதுர்ஷனக் குளிக்கச் சொல்லட்டா?"

நிதுர்ஷன் மங்கையற்கரசியின் மகன். நிலோஜனோடு ஒரே வகுப்பில் படித்தவன்.

"மகன் இரிக்கக்குள்ள மருமகன் எதுக்கு?"

அவர்களுடைய குடிவழியில் மூத்தவர் ஒருவர் பந்தல் காலில் சாய்ந்து நின்றார். அவர்தான் கேட்டார், மெதுவாகத்தான் கேட்டார்.

"எங்க புள்ள, மகன்?"

கேதீஸ்வரி எழுந்தாள். பிரேதத்தின் பக்கத்தை விட்டுப் பெண்சாதி எழுந்து போகக்கூடாது என்று யாரோ சொன்னார்கள். அவள் பந்தலைத் தாண்டி, பலாமரத்தின் கீழ் தொப்பியோடு உட்கார்ந்திருந்த சரீப்பிடம் போனாள். பக்கத்தில் சீனித்தம்பி நின்றார்.

"சரீப் காக்கா, மலையில என்ன செய்தவர்? மறைக்காமச் சொல்லுங்க."

சரீப் எழுந்து நின்றார். சீனித்தம்பியைப் பார்த்தார். சீனித்தம்பி சொல்லும்படி தலையை ஆட்டினார்.

"பாதியிலயே ஆளுக்கு ஏலாமப் போச்சி, புள்ள. கீழ பாத்தாத் தல சுத்துதெண்டு கண்ண மூடிக்கிட்டுத் தவழ்ந்தான். நாங்க மட்டும் என்ன, பழகின ஆக்களா? ஒரு பை நிறையப் பாண் கொண்டு போனம், தண்ணி ஒரே ஒரு போத்தல். அதும் முடிஞ்சி. 'என்ன விட்டுட்டுப் போங்கடா, நான் இதிலயே இரிக்கன்' எண்டு ஒரு கல்லில குந்திட்டான். நாங்களும் குந்திட்டம். மறுகா என்ன நினைச்சானோ, தானே எழும்பி எங்களுக்கு முன்னால போனான்."

"உச்சிக்குப் போனவரா?"

"போனான். நிக்க ஏலாத காத்து. சீனித்தம்பி நெருப்புப் பெட்டிய எடுத்தாரு. மூர்த்தி கற்பூரத்தக் கையில வெச்சிக்கிட்டு நெடுக நேரம் இரிந்தான். மறுகா அப்பிடியே பொட்டலத்தோட கீழ எறிஞ்சிட்டான். 'உசிரோட இரிக்கிறவனுக்கு இது என்னத்துக்குடா' எண்டான்."

கேதீஸ்வரி பலாமரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எழும்பி நிண்டு கூப்பிட்டான், புள்ள. 'நிலோஜன்' எண்டு. 'வீட்ட வா மனே, அம்மா பாத்துக்கிட்டு இரிக்கா' எண்டு. சுத்திவரக் காடு. கூப்பிட்டுப்போட்டுக் காதக் குடுத்துக் கேப்பான். மறுகா மத்தப் பக்கம் திரும்பிக் கூப்பிடுவான். அவன்ட குரல் எடுபடல்ல. 'நீங்களும் கூப்பிடுங்கடா' எண்டான். மூணு பேருமாக் கூப்பிட்டம். சத்தத்துக்கு ஒரு ஆமிப் பொடியன் ஏறி வந்து என்னெண்டு கேட்டான். மகனக் கூப்பிடுறம் எண்டு சிங்களத்தில சொன்னன். அவன் அங்கால பாத்துக்கிட்டு நிண்டான். இறங்கக்குள்ள குடிக்கத் தண்ணி தந்தான்."

கேதீஸ்வரி சீனித்தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். நேற்றிலிருந்து அவர் அழுது அழுது குரல் போனதாக நினைத்திருந்தாள். ஆனால் சரீப்பும் நேற்று அடைத்த தொண்டையோடுதான் பேசினார். அப்போது யாரும் சாகவில்லை.

"'இத நான்தான் கேதீசுக்குச் சொல்லோணும், நீங்க வாயத் திறக்கக்கூடா' எண்டு வானில சொல்லிக்கொண்டே வந்தான்," என்றார் சீனித்தம்பி. "அதான் தங்கச்சி, எங்களுக்குச் சொல்ல மனம் வரல்ல."

அவளுக்கு அழுகை வந்தது. அடக்க முடியாமல், சத்தமாக, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். நாலு வருஷமாகத் தான் ஒருத்தி மட்டும்தான் காத்திருப்பதாக நினைத்திருந்தாள். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே கட்டிலில், இன்னொரு ஆளும் அதையேதான் செய்துகொண்டிருந்திருக்கிறார். இரண்டு பேருமாகச் சேர்ந்து காத்திருக்க ஒரு நாள் கிடைத்திருக்கலாம். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரமாவது கிடைத்திருக்கலாம்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பந்தலுக்குத் திரும்பினாள். நிதுர்ஷன் ஓர் ஓரத்தில் சாரம் உடுத்தபடி நின்றான். மீசை நன்றாக அடர்ந்திருந்தது. அவனை நிமிர்ந்து பார்ப்பதையே அவள் விட்டு வெகுகாலமாகிவிட்டது. அவன் வளர வளர அவளுக்கு வயிறு எரியும்.

"குளிச்சிட்டு வா மனே. நீ செய்," என்றாள்.

"ஓம் மாமி."

அவன் கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு ஈரவேட்டியோடு வந்து உட்கார்ந்தான். கிரியை செய்ய வந்த ஐயா தர்ப்பையை அவன் விரலில் போட்டுவிட்டு வழக்கம்போலக் கேட்டார்.

"கடமை செய்யிற ஆள்ட பேர், நட்சத்திரம்?"

நிதுர்ஷன் வாயைத் திறந்தான். அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து கேதீஸ்வரியின் குரல் வந்தது.

"நிலோஜன். அத்தம்."

ஐயா நிமிர்ந்தார். "இல்லம்மா, நான் இதில இரிக்கிற தம்பிட பேரக் கேட்டன்."

"அவன் வரச் சுணங்குது ஐயா. இவன் அவனுக்காகச் செய்யிறான். நீங்க அவன்ட பேரச் சொல்லுங்க."

மங்கையற்கரசி ஏதோ சொல்ல வந்து, மகனைப் பார்த்தாள். நிதுர்ஷன் ஐயாவை நேரே பார்த்து, "ஓம் ஐயா, அப்பிடியே சொல்லுங்க," என்றான். ஐயா பந்தல் காலடியில் நின்ற மூத்தவரைப் பார்த்தார். அவர் தோளிலிருந்த சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டு, சொல்லும்படி கையைக் காட்டினார். மேளக்காரர் மேளத்தைச் சூடு காட்டப் போயிருந்ததால் முற்றம் அமைதியாக இருந்தது.

ஐயா நிதுர்ஷனின் உள்ளங்கையில் தண்ணீரை வார்த்து, மந்திரத்தைத் தொடங்கி, வம்சத்தைச் சொல்லி, தகப்பன் பெயரைச் சொல்லி, அத்த நட்சத்திரத்தில் பிறந்த நிலோஜன் என்று உரத்துச் சொன்னார்.

அந்தப் பெயர் அந்த முற்றத்தில் இவ்வளவு சத்தமாக ஒலித்து வெகுகாலம். முதலில் சீனித்தம்பி திரும்பினார். பிறகு மங்கையற்கரசி, பிறகு அந்த மூத்தவர், போறணைக்காரர்கள் என்று ஒவ்வொருவராக, பந்தலில் இருந்த எல்லோரும் வாசல் படலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பிரேதத்தைக் கொண்டு போவதற்காக அதை அகலத் திறந்து வைத்திருந்தார்கள்.