கொக்கி லாரி

பொம்மை லாரியின் கடைசி டயரை அச்சில் வைத்து அழுத்தியதும் 'டக்' என்று உட்கார்ந்தது. கட்டிலை ஒட்டித் தரையில் சம்மணம் போட்டிருந்த மருமகள் நிமிர்ந்து மாமனாரைப் பார்த்தாள். கண் மூடித்தான் கிடந்தார். ஆனால் அந்தச் சத்தம் அவருக்குத் தப்பவில்லை.

"மிச்சம் எத்தனை?" என்றார். குரல் நூலாக இளைத்துப் போயிருந்தது.

"ஒண்ணுகூட இல்ல மாமா. டப்பா காலி."

"அப்ப சரியாத்தான் கட்டியிருக்கே."

காலையில் வந்த டாக்டர், வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே, "இன்னைக்குத் தாண்டுறது கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதைக் கேட்ட கணவன் ஹாலில் உட்கார்ந்து யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று போனில் தேட ஆரம்பித்தான். அவள் லேபுக்கு லீவு சொல்லிவிட்டு நேராக இந்த அறைக்கு வந்து, பாதியில் நின்றிருந்த லாரியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மாமனாருக்கு மிச்சமிருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். அதையும் அவர் சுற்றி வளைக்காமல் போன வாரமே கேட்டுவிட்டார். "எனக்குக் கை வரமாட்டேங்குது. நீ கட்டிடு. ஓடுச்சா இல்லையான்னு மட்டும் சொல்லு, போதும்."

முப்பத்தொரு வருஷம் அவர் நிஜமாகவே ஓட்டிய வண்டி அது. வழியில் படுத்துவிட்ட பஸ்களைக் கொக்கி போட்டு இழுத்து வரும் லாரி. எந்த மூலையில் எந்த பஸ் நின்றாலும் அவருக்குத்தான் போன் வரும். மகனின் பள்ளி ஆண்டு விழாவில் பாதியில் எழுந்து போனவர், மகனின் கல்யாணத்திலும் போட்டோவுக்கு நிற்கும்போதே காணாமல் போனார். மருமகளுக்கு அது சிரிப்பு. மகனுக்கு இன்றுவரை சிரிப்பு வந்ததில்லை.

ஓய்வு பெற்ற மறுவாரம், மகன் சின்ன வயதில் ஒன்றோடொன்று மாட்டி விளையாடிய பிளாஸ்டிக் கட்டைப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினார். முதலில் நாலு சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வந்தது. அப்புறம் ஸ்டியரிங் திரும்பும் ஜீப், அப்புறம் மோட்டார் வைத்த டிராக்டர். கட்டைகளைத் திரையிலேயே ஒவ்வொன்றாக அடுக்கி வண்டி செய்து பார்க்கும் மென்பொருள் ஒன்றை மருமகள் தன் பழைய லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தாள். அன்றைக்கு அதற்குள் குடிபோனவர்தான், சாப்பாட்டுக்கு மட்டும் வெளியே வருவார். கொக்கி லாரிக்கு மூன்று வருஷம் ஆயிற்று. திரையில் 'லாரி கடைசி' என்று ஒரு கோப்பு இருந்தது. அதன் கீழே 'லாரி நிஜமாகவே கடைசி'. அதற்கும் கீழே 'கடைசிக்கு அடுத்தது'. அவள் கட்டியது அந்த மூன்றாவதை.

அவளுக்குத் திரையில் சாமான் செய்வது புதிதல்ல. பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் லேபில் பதினொரு வருஷமாக வேலை. மாமனார் அவளை 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுவார். நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் ஓய்ந்துவிட்டது. "பல்லு வெச்ச சக்கரம் என்னுது, வெறும் பல்லு உன்னுது. ரெண்டு பேருக்கும் பல்லுதான் பொழப்பு" என்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் ஒரு தாடை அச்சைக் கவிழ்த்து வைத்துப் பார்த்து, வலது கடைவாய்க்குச் செய்ய வேண்டிய பல்லை இடதுக்குச் செய்துவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை அவருக்கு உயிர். வாரம் ஒரு தடவையாவது கேட்டுச் சிரிக்காவிட்டால் அவருக்குப் பொழுது போகாது.

லாரியைத் தூக்கிக்கொண்டு அவள் ஹாலுக்கு வந்தாள். முதல் ஓட்டத்தைத் தான் பார்த்துவிட்டு அவரிடம் காட்டலாம் என்று நினைப்பு. தரையில் வைத்து சுவிட்சைத் தட்டினாள். மோட்டார் உறுமியது. லாரி நின்ற இடத்திலேயே நடுங்கியது. நகரவில்லை.

குனிந்து பார்த்தாள். முன் சக்கரங்கள் முன்னால் போகப் பார்த்தன, பின் சக்கரங்கள் பின்னால் போகப் பார்த்தன. வண்டி தன்னோடு தானே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. மோட்டாரின் சுழற்சியைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிபரன்ஷியல் என்ற உருண்டை முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று இருக்கும். பின்னால் உள்ளது எதிர்ப்பக்கம் சுற்றியது. ஓடிப்போய் லேப்டாப்பைக் கொண்டுவந்து, கட்டும் முறையைக் காட்டும் படங்களில் முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்தாள். திரையில் எப்படி இருந்ததோ அச்சு அசல் அப்படியேதான் கட்டியிருந்தாள். அப்படியானால் வரைந்ததே தப்பு. திரைக்கு என்ன தெரியும்? கட்டை பொருந்துகிறதா என்று பார்க்கும், வண்டி ஓடுமா என்று பார்க்காது.

"என்ன ஆச்சு?" என்றான் கணவன்.

"ஓடல. பின் சக்கரம் ரிவர்ஸ்ல சுத்துது. மாமா எங்கேயோ தப்பு பண்ணிட்டார் போல."

அவன் கொஞ்ச நேரம் லாரியையே பார்த்தான். "மூணு வருஷம்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஓடுதுன்னு சொல்லிடு" என்றான்.

"பொய்யா?"

"பின்ன? சாகக் கிடக்கிற மனுஷன்கிட்ட நீங்க பண்ணது தப்புன்னா சொல்லப் போறே?"

திருத்தலாம் என்றால் வண்டியின் அடிவயிறு முழுக்கப் பிரிக்க வேண்டும். எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் ஆகும். உள்ளே மூச்சு வாங்கும் சத்தம் ஹால்வரை கேட்டது. அவள் லாரியை எடுத்துக்கொண்டு போனாள்.

"மாமா, ஓடுது."

"சத்தம் கேட்டுச்சு" என்றார். "கிட்டக் கொண்டா."

அவள் லாரியைத் தரையில் விடவில்லை. அவர் காதருகே கையில் பிடித்துக்கொண்டே சுவிட்சைப் போட்டாள். காற்றில் எல்லாச் சக்கரங்களும் அழகாகச் சுற்றின. அவர் போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தார். அது ஒரு பெரிய வேலையாக இருந்தது அவருக்கு. விரல் நுனியால் முன் டயரைத் தொட்டார். கொஞ்சம் பொறுத்துப் பின் டயரைத் தொட்டார். கை மறுபடி போர்வைமேல் விழுந்தது.

"நல்லாருக்கு" என்றார். அவள் சுவிட்சை அணைத்தாள்.

ரொம்ப நேரம் கழித்து, தூங்கிவிட்டார் என்று அவள் எழப் போனபோது, "அடியிலேர்ந்து பாத்தியா டாக்டரம்மா?" என்றார்.

"என்ன மாமா?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. வாய் மட்டும் சிரிக்கிற மாதிரி ஒரு பக்கம் போயிற்று. நினைவு தடுமாறுகிறது என்று அவள் எண்ணிக்கொண்டாள். மூன்றே கால் மணிக்கு மூச்சு நின்றபோது மகன் ஒரு கையையும் மருமகள் ஒரு கையையும் பிடித்திருந்தார்கள்.

அடுத்த நாள் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் அவர் எங்கே எந்த பஸ்ஸை இழுத்தார் என்று சொன்னார்கள். பஸ்ஸோடு தன்னையும் சேர்த்து இழுத்து வந்ததாக ஒரு பழைய கண்டக்டர் சொல்லி அழுதார். மகன் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். வீடு காலியானதும் மெத்தையைச் சுருட்டினார்கள், மருந்துகளை மூட்டை கட்டினார்கள். மாத்திரை டப்பாவின் வியாழக்கிழமைக் குழியில் கட்டைகளை இணைக்கும் நீல நிற முளைகள் ஐந்தாறு கிடந்தன. கட்டிலடியில் அவர் வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் ரப்பர் செருப்பு ஜோடியாக இருந்தது. அவள் எடுக்கக் குனிந்தபோது, "அது இருக்கட்டும்" என்றான் கணவன்.

கட்டைகளையெல்லாம் பிரித்துப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றும் அவனே சொன்னான். "ஓடாத வண்டியை வெச்சுக்கிட்டு என்ன பண்ண?" அவளுக்கும் அதைப் பார்க்கப் பார்க்க நெஞ்சில் கல்லை வைத்தது போலிருந்தது. அந்த நல்ல மனிதரிடம் கடைசியாகச் சொன்னது பொய்யாகப் போயிற்றே என்பதுதான் அந்தக் கல்.

நாலாம் நாள் லேபுக்குப் போனாள். முதல் வேலையே மேல்தாடை அச்சு. கையில் எடுத்தாள், பல் வரிசை தெரியும்படி கவிழ்த்தாள். கவிழ்த்ததும் எப்போதும் போல மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்: இப்போது வலது இடது, இடது வலது. பதினொரு வருஷப் பழக்கம், அந்தப் பழைய அடியின் பலன்.

அச்சு கையிலேயே நின்றுவிட்டது.

முப்பத்தொன்றாம் பக்கம். டிபரன்ஷியல் வண்டியின் வயிற்றுக்குள் போகிற இடம். மேலிருந்து பார்த்தால் சட்டம் மறைக்கிறதென்று, மவுஸால் லாரியைத் திரையில் கவிழ்த்துப் போட்டுத்தானே பார்த்தாள்? மடியில் இருந்த லாரியோ நிமிர்ந்து கிடந்தது. திரையில் இடப்பக்கம் தெரிந்த பல்சக்கரத்தை மடியிலும் இடப்பக்கமே வைத்திருக்கிறாள். இரண்டு பக்கமும் ஒரே அளவு, எந்தப் பக்கம் வைத்தாலும் பொருந்தும். சரிபார்த்தபோதும் அதே கவிழ்ந்த படத்தைத்தான் பார்த்தாள்.

அவர் தப்பு பண்ணவில்லை. அடியிலிருந்து பார்த்தது அவள்தான். அவருக்கு அது தெரிந்தும் இருந்தது.

கணவனுக்குப் போன் போட்டாள். "லாரியைப் பிரிச்சிட்டீங்களா?"

"பிரிக்கலாம்னுதான் உக்காந்தேன்" என்றான் கணவன். "கை வரல."

சாயங்காலம் இருவரும் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். அவள் பிரித்துப் பிரித்துக் கொடுத்தாள். அவன் ஒரு சாப்பாட்டுத் தட்டில் வரிசையாக அடுக்கினான். சின்ன வயசுக்கப்புறம் கட்டையைத் தொடாதவன்தான், ஆனால் எதை எங்கே பிடித்து நெம்ப வேண்டும் என்பதைக் கைகள் மறக்கவில்லை. அவள் நடந்ததைச் சொன்னாள்.

"அப்ப அவருக்குத் தெரிஞ்சுடுச்சா?" என்றான்.

"ரெண்டு டயரையும் தொட்டுப் பாத்தாரே. அவருக்கா தெரியாது?"

"நாம பொய் சொன்னதும்?"

"அதுவும்தான். அதுக்குத்தான் சிரிச்சார். திட்டணும்னா டாக்டரம்மான்னு கூப்பிடுவாரா?"

அவன் தட்டில் இல்லாத எதையோ தேடுவது போல ரொம்ப நேரம் கிளறினான். "அப்ப டிசைன் சரி" என்றான் கடைசியில்.

"சரி. என் கைதான் தப்பு."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அதானே. இழுவை வண்டில அவர் தப்பு பண்ணுவாரா?" என்றான். அப்பாவைப் பற்றி அவன் இப்படிப் பெருமையாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டையும் அடக்கவில்லை.

பல்சக்கரம் பக்கம் மாறி உட்கார்ந்தது. கடைசி டயர் 'டக்' என்றது. தட்டில் ஒன்றும் மிச்சமில்லை. அவள் லாரியின் முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்தாள். அவன் சுவிட்சைப் போட்டான். லாரி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நேராக, நிதானமாக, கனமான வண்டிக்கு உரிய மெதுவான வேகத்தில் நகர்ந்தது. அறையின் பாதியில் அவன் எட்டிப் பிடித்து நிறுத்தினான்.

"இது இழுக்கிற வண்டி. சும்மா ஓடினாப் போதுமா?" என்றான்.

லாரியைக் கட்டிலடிக்கே கொண்டுபோனான். அங்கேயிருந்த ரப்பர் செருப்பில் ஒன்றை எடுத்து, அதன் வாரில் கொக்கியை மாட்டினான். சுவிட்சைத் தட்டினான். கொக்கிக் கயிறு விறைத்தது. மோட்டாரின் சத்தம் இறங்கி ஏறியது. பிறகு செருப்பு அசைந்து, சரக் சரக் என்று தரையை உரசிக்கொண்டு லாரிக்குப் பின்னால் கிளம்பியது. அவர்கள் இருவரும் கூடவே நடந்தார்கள்.

கதவருகே வந்ததும் அவன் குனிந்து லாரியை நிறுத்தினான். கொக்கியைக் கழற்றிச் செருப்பைச் சுவரோரம் ஒழுங்காக வைத்தான். பிறகு லாரியைக் கையில் தூக்கிக்கொண்டு, மற்ற செருப்பை எடுத்துவரக் கட்டிலுக்குத் திரும்பினான்.